வாகனம் அல்லாத வாகனம்

புகார் மனுவை வரிவரியாக வாசித்துக்கொண்டே வந்த தலைமைக் காவலர், மோதிய வண்டியின் எண்ணைக் குறிக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, நிலையத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த அந்த வெள்ளை ஸ்கூட்டரை எழுந்து போய் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எண்பலகை இருக்க வேண்டிய தகட்டில் ஒரு வேல் ஸ்டிக்கரும், வண்டியை வாடகைக்கு விட்ட கடையின் செல்பேசி எண்ணும் இருந்தனவேயன்றி, அரசாங்கம் அளித்த அடையாளம் என்று சொல்லத்தக்கது யாதும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவர், “இது நம்பர் இல்லாத வண்டி சார். ஆர்.சி. கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, ஓட்டுறவனுக்கு லைசென்சும் வேண்டியதில்லை. இப்போதைக்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டுத் தர்றேன். ஆனா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் பணம் வரும்னு மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க” என்றார். அவர் சொன்னதில் கடுமை இல்லை; பல பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது.

அம்மா என்று அவர் குறிப்பிட்டது, எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரை. வயது எழுபத்தொன்று. விடியற்காலையில் இரண்டு பால் பாக்கெட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனையைக் கடந்தபோது, சத்தமே இன்றித் திரும்பிய அந்த வண்டியின் கைப்பிடி அவரை இடுப்பில் தள்ள, விழுந்த விழுக்காட்டில் வலத்தொடை எலும்பின் கழுத்து முறிந்துபோயிற்று. ஓட்டி வந்தவன் உணவுப் பொட்டலங்களை வீடுவீடாகக் கொண்டு கொடுக்கும் இளைஞன். ஓடிப்போகாமல், ஆட்டோவை நிறுத்தி, அவரைத் தானே தூக்கி ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்துவிட்டு, மாலைவரை அங்கேயே நின்றிருந்தான். அவனைப் பற்றி அந்த அம்மையாருக்கு இன்றளவும் கோபம் இல்லை. அவருக்கு விளங்காதது வேறொன்று. “பெட்ரோல் வண்டி இடிச்சிருந்தா நஷ்டஈடு உண்டாம், கரண்டு வண்டி இடிச்சா இல்லையாம். எலும்பு ரெண்டுக்கும் ஒண்ணுதானே தம்பி?” என்று கட்டிலில் படுத்தபடி அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

விடை, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அன்று, அதன் கீழ் மத்திய அரசு இயற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின் இரண்டாம் விதியில், மின்கல வண்டி என்றால் என்னவென்று வரையறுக்கும் உட்பிரிவொன்றில் ஒளிந்துகிடக்கிறது. முப்பது நிமிடம் இடைவிடாமல் ஓடும்போது மோட்டாரின் திறன் கால் கிலோவாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், மின்கலம் நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும், தக்க பிரேக்குகளோடு முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக ஒளியைத் திருப்பும் வில்லைகளும் உடையதாக இருந்து, இவையெல்லாம் புனேயிலோ நம்முடைய ஒரகடத்திலோ உள்ளதுபோன்ற அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலை ஒன்றால் சரிபார்க்கப்பட்டிருந்தால், அந்த இருசக்கர வண்டி ‘மோட்டார் வாகனமாகக் கருதப்படமாட்டாது’ என்பது அவ்விதியின் சாரம். உத்தேசம் நல்லதே. காற்றைக் கெடுக்காத எளிய வண்டியைப் பதிவு, வரி, உரிமம் முதலிய தொல்லைகளிலிருந்து விடுவித்துச் சைக்கிளோடு ஒன்றாக வைத்தால் சாமானியர் அதை நாடுவார்கள் என்று அரசாங்கம் எண்ணியதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் விடுவிக்கப்பட்டவர் ஓட்டுபவர். அந்த விடுதலைக்கு உரிய விலையைக் கொடுக்கிறவரோ எதிரே நடந்து வருகிறவர். அவருடைய உரிமையைப் பறிக்க வேண்டும் என்று எந்தச் சபையிலும் எவரும் பிரேரணை கொண்டுவரவில்லை, விவாதிக்கவில்லை, வாக்களிக்கவில்லை. வரையறைச் சொல் ஒன்றின் இடுக்கு வழியாக அது தானாக நழுவிப்போயிற்று.

நழுவிப்போனது எத்தகைய உரிமை என்பதை உணர வேண்டுமானால், அது எவ்வளவு மெதுவாகச் சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். மோட்டார்கள் இந்நாட்டுச் சாலைகளுக்கு வந்த தொடக்கத்தில், மோதுண்டு இறந்தவரின் குடும்பத்துக்கு இருந்த பற்றுக்கோடு, ரயில் வண்டிகூட இங்கே புதுமையாக இருந்த 1855-இல் இயற்றப்பட்ட மரண விபத்துகள் சட்டம் ஒன்றே. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட்டு, கோரும் தொகைக்கேற்ப முத்திரைக் கட்டணம் செலுத்தி, எதிரியின் அஜாக்கிரதையைச் சாட்சிகளால் ருஜுப்படுத்தினால் மட்டுமே ஏதேனும் கிடைக்கும். ருஜுவானாலும் எதிரி ஏழையாக இருந்தால் கிடைப்பது தீர்ப்பு நகல் மட்டுமே. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபருக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கி, அப்பகுதி 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தபோது, கொடுக்கத்தக்க கை ஒன்று ஏற்பட்டது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்தபோது, நெருங்கத்தக்க வாசல் ஒன்று ஏற்பட்டது. 1982-இல் வந்த திருத்தம், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு ரூ.15,000, நிரந்தர ஊனத்துக்கு ரூ.7,500 என்று ஒரு தொகையை உறுதிசெய்தபோதுதான், சாட்சி சொல்ல ஆள் இல்லாத ஏழைக்கும் நியாயம் எட்டிற்று. 2022 ஏப்ரல் முதல் அத்தகைய தொகை, மரணத்துக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று உயர்ந்து நிற்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயமே. ஆதலால் அந்தக் காலையில் நம்முடைய ஆசிரியையை இடித்தது ஒரு பழைய பெட்ரோல் வண்டியாக இருந்திருக்குமானால், ஓட்டியவன் எவ்வளவு நிதானமாக ஓட்டினான் என்ற ஆராய்ச்சிக்கே போகாமல், இரண்டரை லட்சம் ரூபாயை அவர் கேட்டுப் பெற்றிருக்கலாம்.

மின்வண்டி இடித்தமையால் அவர் எங்கே நிற்கிறார் என்றால், 1939-க்கும் முந்திய காலத்தில் நிற்கிறார். வண்டி இருபத்தோராம் நூற்றாண்டினது, பரிகாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டினது. இறந்திருந்தால் அவருடைய மக்கள், அதே 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டியிருந்திருக்கும்.

குற்றவியல் சட்டம் இவ்விஷயத்தில் வேறு கண்ணோடு பார்க்கிறது என்பது வேடிக்கை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, பொது வழியில் ‘எந்த வாகனத்தையும்’ மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அங்கே வாட் கணக்கும் இல்லை, எடைக் கணக்கும் இல்லை; மாட்டு வண்டியானாலும் ஒன்றே. 125-ஆம் பிரிவு கொடுங்காயம் விளைவித்தவனுக்கு மூன்றாண்டுவரை சிறைவாசம் விதிக்க இடம் தருகிறது. ஆகவே அந்த இளைஞனைச் சிறைக்கு அனுப்பும்போது அவன் ஓட்டியது வாகனம், அந்த அம்மையாரின் ஆபரேஷன் செலவைக் கேட்கும்போது அது வாகனம் அல்ல. தண்டனை நீதிமன்றம் விரும்பினால் குற்றவாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று உத்தரவிடலாம் என்பது மெய்தான். ஆனால் வாரவாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டும் ஒருவனிடமிருந்து எதை வசூலிப்பது?

திருவாரூர்க் கதையில் வரும் சோழன், கன்றைக் கொன்ற தேரின் வேகம் எவ்வளவு, அதில் பூட்டிய குதிரைகள் எத்தனை என்று விசாரித்ததாக எந்தப் பாடமும் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை வைத்திருக்கும் நாம், முதலில் அதைத்தான் விசாரிக்கிறோம்.

இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது காதுக்கு அற்பமாகத் தோன்றும் எண். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தல் நலம். வண்டி 60 கிலோ, மின்கலம் இருபது கிலோவை ஒட்டி, ஓட்டுபவனும் அவன் முதுகுப் பெட்டியுமாக எழுபது கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 150 கிலோ ஆகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர். ஏறத்தாழ எட்டடி உயரத்திலிருந்து விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது அடையும் வேகம் அதுவே. ஒன்றரைக் குவிண்டால் மூட்டையை எட்டடிப் பரணிலிருந்து ஒருவர் மேல் தள்ளிவிட்டு, ‘இது மூட்டையாகக் கருதப்படமாட்டாது’ என்று விதி எழுதினால் எப்படியோ அப்படித்தான் இதுவும். அன்றியும், மோதுபவன் விழுந்து எழுந்துவிடுவான். வயோதிகரின் தொடை எலும்போ, நின்ற நிலையிலிருந்து தரையில் சாய்ந்தாலே முறியக்கூடியது. காயத்தின் அளவை நிர்ணயிப்பது வண்டியின் திறன் மாத்திரமன்று, எதிர்ப்பட்டவரின் வயதும் தேகமுமே. சட்டம் வாட்டை அளக்கிறது. மருத்துவர் எலும்பை அளக்கிறார். இரண்டு அளவைகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

மற்றொரு பிரத்தியேகமான அபாயம், ஓசையின்மை. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தில் வண்டி விபத்துகளுக்கென்றே சில சுலோகங்கள் உள. மூக்கணாங்கயிறு அறுந்தாலும், நுகம் முறிந்தாலும், அச்சோ சக்கரமோ உடைந்தாலும், வண்டிக்காரன் விலகிப்போகும்படி உரக்கக் கூவியிருந்தாலும் தண்டம் இல்லை என்றும், சாரதிக்குத் திறமை போதாமையால் வண்டி வழிதவறிக் கேடு விளைந்தால் வண்டிக்கு உடையவனே தண்டம் செலுத்த வேண்டும் என்றும், சாரதி திறமைசாலியாக இருந்தால் தண்டம் சாரதிக்கே என்றும் அங்கே பகுத்துச் சொல்லியிருக்கிறது. அந்நூலின் பிற தர்மங்களோடு நமக்குள்ள விவாதம் வேறு. இங்கே கவனிக்கத்தக்கது, கூவுதல் என்பதை அது ஒரு கடமையாக நினைத்திருக்கிறது என்பதும், ஓட்டத் தெரியாதவனிடம் வண்டியைக் கொடுத்த உடைமையாளனைத் தப்பவிடவில்லை என்பதும் ஆகும். பெட்ரோல் எஞ்சின் தன் இயல்பாலேயே கூவிக்கொண்டு வருகிறது. மின் மோட்டார் கூவுவதில்லை. ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதிதாக அங்கீகாரம் பெறும் மின்கார்கள், மெதுவாகச் செல்லும்போது செயற்கையாக ஓர் ஓசையை எழுப்பியாக வேண்டும் என்று விதி செய்தார்கள். ஆயினும் அவ்விதி நான்கு சக்கர வாகனங்களோடு நின்றுவிட்டது. பார்வையற்றவர்களும் முதியவர்களும் தெருவைக் காதால்தான் கடக்கிறார்கள் என்பதை இருசக்கர வண்டிக்காரர்களிடம் யார் சொல்வது?

ஐரோப்பா என்ற பேச்சு வந்தமையால், அங்குள்ள ஏற்பாடுகளில் சிலவற்றைப் பார்ப்போம். நம்முடைய பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று என்பதும், அவர்களும் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை என்பதும் தெரியவரும். நின்றுகொண்டே ஓட்டும் கையளவு ஸ்கூட்டர்கள் பாரிஸ் நகரத்தை நிறைத்த காலத்தில், 2021 ஜூன் மாதத்து இரவொன்றில் ஸேன் நதிக்கரை நடைவழியில் சென்றுகொண்டிருந்த இத்தாலிய இளம்பெண் ஒருவர், இருவர் ஏறி வந்த வாடகை ஸ்கூட்டர் மோதி மாண்டுபோனார். 2023 ஏப்ரல் 2-ஆம் நாள் நகரவாசிகளிடம் கருத்துக் கேட்டபோது, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தொன்பது பேர் வாடகை ஸ்கூட்டர்கள் வேண்டாம் என்றார்கள்; வாக்களிக்க வந்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தோடு அவை தெருவை விட்டு நீங்கின. பலருக்கு நினைவில் நின்றது இந்தத் தடைதான். என் அபிப்பிராயத்தில் தடையைவிடக் கவனிக்கத்தக்கது, அந்நாட்டின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம்.

அப்போது நீதியமைச்சராக இருந்த ரொபேர் பதந்தேரின் பெயரால் வழங்கும் அச்சட்டம், மோட்டார் பூட்டிய வண்டியால் காயமுற்ற பாதசாரியிடம், ‘நீயும் கவனிக்காமல்தானே வந்தாய்’ என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு வராதே என்று எதிர்த்தரப்பாரைத் தடுத்துவிட்டது. மன்னிக்கவே இயலாத தவறு ஒன்றை அவர் செய்திருந்து, விபத்துக்கு அது ஒன்றே காரணமாகவும் இருந்தாலொழிய நஷ்டஈட்டைக் குறைப்பதற்கில்லை. அதிலும் பதினாறு வயதுக்குக் குறைந்தவர், எழுபதைக் கடந்தவர், பெரும் ஊனமுடையவர் ஆகியோரிடம் அந்த வாதமும் செல்லாது. வேண்டுமென்றே சாவைத் தேடிச் சென்றாலன்றி அவர்களுக்குக் கொடுத்தே தீர வேண்டும். மின் ஸ்கூட்டரும் அங்கே மோட்டார் பூட்டிய வண்டியே, அதற்குக் காப்பீடும் கட்டாயமே. எழுபத்தொரு வயதுள்ள நம்முடைய ஆசிரியை பாரிஸில் பால் வாங்கப் போயிருந்தால் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஜெர்மானியரின் வழி இதற்கு நேர்மாறான ஒரு பாடம். 2019 ஜூனில் மின் ஸ்கூட்டர்களை அனுமதித்தபோது, ஒவ்வொன்றும் காப்பீட்டு வில்லை ஒன்றை ஒட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும் என்று விதித்தார்கள். ஆனால் அவர்களுடைய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட இயலாத வண்டிகளுக்கு, தவறு நிரூபிக்காமலே பொறுப்பேற்கும் கொள்கை பொருந்தாது என்ற பழைய விலக்கு ஒன்று இருக்கிறது. மெதுவாக உருளும் இயந்திரங்களை மனத்தில் வைத்து எழுதிய அந்த வரி, இருபதோடு வேகத்தை நிறுத்திக்கொண்ட நகரத்து ஸ்கூட்டர்களுக்கும் குடை பிடித்துவிட்டது. கொடுக்கும் கை அங்கே இருக்கிறது. ஆனால் அடிபட்டவர் தவறை நிரூபித்தாக வேண்டும். பிரேமன் நகரில் நடைபாதையில் குறுக்காக நிறுத்தப்பட்டிருந்த வாடகை ஸ்கூட்டர்களில் தடுக்கி விழுந்த பார்வையற்றவர் ஒருவர் அவற்றை நிறுத்திய கம்பெனிமேல் தொடுத்த வழக்கு, 2023-இல் மேல்நீதிமன்றத்திலும் தோற்றுப்போயிற்று. பழைய வரையறை புதிய இயந்திரத்துக்கு எதிர்பாராத அடைக்கலம் தருவது ஜெர்மனியிலும் நிகழ்கிறது, இங்கும் நிகழ்கிறது. இங்கே கூடுதல் விசேஷம், கொடுக்கும் கையும் இல்லை என்பதே.

ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் வெளியிட்ட கட்டளை எந்த வண்டிக்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்று வரையறுக்கையில் இரண்டு அளவுகோல்களைப் பிணைத்திருக்கிறது. 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடுமாயின் காப்பீடு வேண்டும். அல்லது 25 கிலோவுக்கு மேல் எடையிருந்து 14 கிலோமீட்டருக்கு மேல் ஓடுமாயினும் வேண்டும். வேகம் குறைந்தாலும் கனம் கூடினால் அடி பலமாக விழும் என்ற எளிய உண்மை அந்த ‘அல்லது’ என்னும் சொல்லில் அடங்கியிருக்கிறது. நம் விதி 60 கிலோவரை சாதுவான வண்டி என்கிறது. ஆகவே, நம் ஊர்த் தெருக்களில் எண்பலகையின்றி ஓடும் இதே ஸ்கூட்டர், அந்த அளவுகோலின்படி காப்பீடின்றி ஒரு கஜ தூரம்கூட நகர முடியாதது.

இனி, நடைமுறையில் யாவரும் அறிந்த, காகிதத்தில் எவரும் ஒப்புக்கொள்ளாத ஒரு விஷயத்துக்கு வருவோம். பரிசோதனைச் சாலையில் 25-ஐத் தாண்டாத வண்டி, கடைக்கு வந்த பிறகும் அப்படியே இருப்பதில்லை. வேகத்தைக் கட்டிவைத்திருக்கும் மெல்லிய ஒயர் ஒன்றை உருவிவிட்டால் நாற்பதைத் தொடுகிறது. ‘லாக்கை எடுத்துக் கொடுங்கண்ணா’ என்று கேட்டால் போதும். அப்படி ஒயர் உருவப்பட்ட கணமே, விதியின் நிபந்தனை ஒன்று முறிந்து, விலக்கும் முறிந்து, அது சாக்ஷாத் மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவில்லாத, காப்பீடில்லாத, உரிமமற்றவன் ஓட்டும் மோட்டார் வாகனம். இதன் விபரீதமான விளைவு யாதெனில், சட்டத்தை மதித்து ஓடிய வண்டியால் அடிபட்டவருக்குத் தீர்ப்பாயத்தின் கதவு மூடியிருக்கிறது. சட்டத்தை மீறி ஓடிய வண்டியால் அடிபட்டவருக்கு அது திறந்திருக்கிறது. அதாவது பாதசாரி தன்னை இடித்தவன் ஒயரை உருவியிருக்க வேண்டுமே என்று பிரார்த்திக்க வேண்டிய நிலை. பிரார்த்தனை பலித்தாலும் அதை நிரூபிக்கும் பாரம் அவர் தலையிலேயே விழுகிறது. விபத்துக்கு மறுநாளே அந்த ஒயரைத் திரும்ப மாட்டிவிடலாம்.

அப்படியானால் யார்தான் கொடுப்பது? ஓட்டியவனிடம் இல்லை. வாடகைக்கு விட்ட கடைக்காரர், தான் வண்டியை மட்டுமே கொடுத்ததாகச் சொல்வார். பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தருவோம் என்று விளம்பரம் செய்யும் கம்பெனி, அவன் எங்கள் ஊழியன் அல்லன், கூட்டாளி என்று கூறும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமே அத்தகையோரை, முதலாளி–தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்று வருணித்து, அந்த வாதத்துக்கு மறைமுகமாகக் கை கொடுக்கிறது. எஜமானன் தன் வேலையாள் வேலையின்போது இழைத்த தீங்குக்குப் பொறுப்பாளி என்ற தொன்மையான கொள்கை, எஜமானனே இல்லை என்றாகிவிட்ட இடத்தில் பிடிமானமின்றித் தவிக்கிறது. என்னைக் கேட்டால், நேரத்தை நிர்ணயிப்பவன் எவனோ அவனே வேகத்தை நிர்ணயிப்பவன். வேகத்தை நிர்ணயித்தவன் விளைவை உதறிவிடுவது நியாயமன்று. உற்பத்தி செய்தவர்மேல் போகலாம் என்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறைபாட்டுக்காக வழக்காடும் உரிமையை நுகர்வோருக்குத் தந்திருக்கிறது. நடந்து போகிறவர் அந்த வண்டியை வாங்கியவரும் அல்லர், பயன்படுத்தியவரும் அல்லர். அதனால் பயன்படுத்தப்பட்டவர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இவ்வளவு கதவுகள் சாத்தியிருக்கும்போதும், நீதிமன்றங்கள் தாமே சமைத்துவைத்த வழி ஒன்று திறந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1987-ஆம் ஆண்டு, குஜராத் மாநிலப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், தன் பக்கம் தவறேதும் இல்லாத பாதசாரி மோட்டாரால் அடிபட்டால், ஓட்டியவரிடம் அஜாக்கிரதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்டஈடு பெற வேண்டும், சமூக நீதி என்ற சொல்லுக்குப் பொருள் உண்டெனில் அதுவே முறை என்ற கருத்தை வெளியிட்டது. 2001-இல், டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப் ஒன்று சாலையில் நடந்து சென்றவரைக் கொன்ற வழக்கில், ஓட்டுநர்மேல் தவறில்லை என்று கீழே தள்ளுபடியான கோரிக்கையை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தன் நிலத்தில் தேக்கிய நீர் உடைத்துக்கொண்டு அடுத்தவன் சுரங்கத்தில் புகுந்தால், தேக்கியவனே பொறுப்பு என்று 1868-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கொள்கையை இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்து பொருத்தியது அத்தீர்ப்பு. ஆபத்தான பொருளைத் தன் லாபத்துக்காக வெளியே விட்டவன் அதன் தீங்குக்கு விடை சொல்ல வேண்டும் என்ற அந்தத் தத்துவம், மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையைப் பற்றிக்கொண்டு நிற்பதன்று. பொதுச் சட்டத்தின் வேரிலிருந்து வருவது. எனவே தீர்ப்பாயம் மூடியிருந்தாலும், சாதாரண உரிமையியல் நீதிமன்றம் அதே நியாயத்தை மின்வண்டிக்கும் பொருத்தத் தடை இருப்பதாகத் தெரியவில்லை. பாராளுமன்றம் இயற்றிய சட்டம், சாலைக்கேற்ற இயந்திரசக்தி வண்டிகள் யாவும் மோட்டார் வாகனமே என்று கூறி, 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் உள்ளவற்றை மட்டும் விலக்கியிருக்க, எஞ்சினே இல்லாத ஒன்றை அதிகாரிகள் எழுதிய விதியால் விலக்கிவிட முடியுமா, தாய்ச் சட்டம் தந்ததைச் சேய் விதி பறிக்கலாமா என்ற கேள்வியும் ஓர் உயர் நீதிமன்றத்தில் வாதிடத்தக்கதே.

ஆனால் வாதத்தால் வருவதைவிட விதியால் வருவது விரைவானது என்பதற்கு, டெல்லியின் ஈ-ரிக்ஷாக்களே சாட்சி. குறைந்த திறன் கொண்டவை என்ற பெயரில் பதிவும் காப்பீடுமின்றி அவை அந்நகரத்தில் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. 2014 ஜூலையில், குழந்தையை இடுப்பில் ஏந்தி நின்ற தாய் ஒருத்தியை அத்தகைய வண்டி இடிக்க, குழந்தை பக்கத்து மிட்டாய்க் கடையின் கொதிக்கும் பாகுக் கொப்பரையில் விழுந்து மாண்டது. அம்மாத முடிவிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அவ்வண்டிகளைத் தடைசெய்தது. பல காலம் தூங்கிக்கிடந்த கோப்புகள் பறக்கத் தொடங்கி, அவ்வாண்டு அக்டோபரில் விதிகள் வந்தன. 2015-இல் சட்டமே திருத்தப்பட்டு, ஈ-ரிக்ஷா மோட்டார் வாகனமாயிற்று. மூன்று மாதத்தில் செய்ய முடிந்ததை அந்தக் குழந்தைக்கு முன்பே செய்திருக்கலாம். இருசக்கர வண்டிக்கு இன்னும் அப்படியொரு கொப்பரை வாய்க்கவில்லை.

எல்லா வண்டிக்கும் பதிவு, உரிமம், வரி என்று அள்ளிக் கட்ட வேண்டும் என்பது என் கட்சியன்று. ஏழை ஓட்டுகிற வண்டியை எட்டாத வண்டியாக்குவதால் நடப்பவருக்கு லாபமில்லை. விலக்கின் எல்லைகளைப் பிரித்து வைத்தால் போதும். ஓட்டுபவருக்குத் தந்த விலக்கு ஓட்டுபவரோடு நிற்கட்டும். வண்டி விற்கும்போதே அதன் சேசிஸ் எண்ணோடு பிணைத்து மூன்றாம் நபர் காப்பீடு ஒன்றை எடுத்துவிட்டு, அவ்வண்டியால் அடிபட்டவர் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று ஒரு வரியைச் சேர்த்தால், சைக்கிளைப் போன்ற எளிமையும் கெடாது, நடப்பவரும் அனாதையாகமாட்டார். 2022-இல் இந்நாட்டுச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் நீதிமன்றம் கூறியிருக்கிறது. எங்கள் தெருவில் நடைபாதை இருக்கிறது. அதன்மேல் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, இஸ்திரி வண்டி இருக்கிறது. ஆசிரியை அன்று தார்ச்சாலையில் நடந்ததற்கு அவையே காரணம்.

தீர்ப்பாய வழக்குகளிலேயே தலைநரைத்த என் வக்கீல் நண்பர் ஒருவரிடம் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் காயச் சான்றிதழையும் புரட்டிவிட்டு, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை எங்கே என்று கேட்டார். மோட்டார் வாகனம் அல்லவென்று ஆய்வாளர் அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார் என்றேன். “அப்ப ட்ரிபியூனல்ல எம்.சி.ஓ.பி. நிக்காது. சிவில் சூட்தான் போடணும்” என்று சொல்லிவிட்டு, கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று வீதம் நீதிமன்றக் கட்டணம் என்று விரல்விட்டுக் கணக்கிட்டார். ஐந்து லட்சத்துக்குப் பதினைந்தாயிரம். ஆசிரியை தம் பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தார். செலவுக் கணக்கை அவர் பழைய வருகைப் பதிவேடு ஒன்றில், மாணவர் பெயர் எழுதும் கட்டத்தில் மருந்தின் பெயரும் தேதிக் கட்டத்தில் தொகையுமாக, கோடு பிசகாமல் எழுதி வைத்திருந்தார். அதுவே வழக்கின் முதல் ஆவணமாயிற்று.

பிராது தாக்கலாகிப் பதினைந்து நாளில் எண்ணிடப்படாமல் திரும்பி வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 175-ஆம் பிரிவின்படி, விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்ப்பாயமே விசாரிக்க வேண்டுமாதலால், இந்த உரிமையியல் நீதிமன்றத்தில் இவ்வழக்கு எவ்வாறு நிலைக்கத்தக்கது என்று விளக்குக என, முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது.